வளர்க்காத அப்பாவை மதிப்பது எப்படி?

சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கும் ஒரு பெண் கேட்டிருந்தார்: "அப்பாவுக்கு 72 வயது. 1975இல் செம்பவாங்கில் கப்பல் பட்டறை வேலைக்குச் சேர்ந்தவர். ஓய்வுபெறும் வரை இரவு ஷிப்ட், ஓவர்டைம் என்றே இருந்தார். எங்களை வளர்த்தது அம்மாவும் பாட்டியும்தான். அம்மா தவறிய பிறகு அப்பா எங்களோடு இருக்கிறார். 14 வயது மகனை எதற்கெடுத்தாலும் திட்டுகிறார், அவன் எதிர்த்துப் பேசுகிறான். 10 வயது மகள் தாத்தாவிடம் பேசுவதே இல்லை. அண்ணன் மாதம் 300 வெள்ளி அனுப்புவதோடு சரி. பெற்றோரை மதிக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் வளர்க்காத ஒருவரை எப்படி மதிப்பது? பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?"

குடும்ப சேவை நிலையங்களில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை. "அப்பா ரொம்பக் கோபப்படுறார், என்ன செய்யலாம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அரை மணி நேரம் பேசிய பிறகு, "அவரு எங்க எங்கள வளர்த்தாரு?" என்று ஒரு வரி வெளியே வரும். உடனே ஏதோ பாவம் செய்துவிட்டது போல வாயை மூடிக்கொள்வார்கள். நீங்கள் அந்த வரியிலிருந்தே தொடங்கியிருக்கிறீர்கள். நல்லது. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

புறநானூற்றின் 312ஆவது பாட்டு பொன்முடியார் பாடியது. தமிழ் வகுப்பில் உட்கார்ந்த எல்லோருக்கும் அதன் முதல் இரண்டு அடிகள் நினைவிருக்கும்: "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே." மேடையில் பேசுபவர்களும் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். பாட்டில் பேசுகிற தாய் நிறுத்தவில்லை. வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன், நன்னடை நல்குவது வேந்தனின் கடன், களிற்றை வீழ்த்தித் திரும்புவது மகனின் கடன் என்று தொடர்ந்து அடுக்குகிறாள். தன்னையும் சேர்த்து ஐந்து பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறாள். அந்த ஐந்தில் கடைசி ஆள் வளர்க்கப்பட்ட பிள்ளையேதான்.

இந்தப் பாட்டை உங்கள் வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தால், அப்பாவுக்கும் சாதகமாக இருக்கிறது, உங்களுக்கும் சாதகமாக இருக்கிறது. வளர்ப்பு என்பது எந்தக் காலத்திலும் ஒரே ஆள் செய்த வேலையாக இருந்ததில்லை. பாட்டி சோறு ஊட்டினார் என்றால் அந்த அரிசி எங்கிருந்தோ வந்திருக்கிறது. இது அப்பாவின் பக்கம். ஆனால் சம்பளம் கொண்டுவருவதுதான் தந்தையின் கடன் என்று அந்தத் தாய் சொல்லவே இல்லை. சான்றோன் ஆக்குவது என்கிறாள். அதற்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், பேச வேண்டும், தவறு செய்தால் ஏன் தவறு என்று சொல்ல நேரம் வேண்டும். அந்த நேரம் உங்களுக்குக் கிடைக்கவில்லை. அது உண்மையான இழப்பு. "அப்பா உங்களுக்காகத்தானே உழைத்தார்" என்று யாராவது அதை மூடப் பார்த்தால் மூட விடாதீர்கள்.

ஆனாலும் அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இரவு ஷிப்ட் போகிறவர்களின் வீடுகளை எனக்குத் தெரியும். பகல் முழுக்க ஓர் அறையின் கதவு சாத்தியே இருக்கும். "அப்பா தூங்குறாரு, சத்தம் போடாதீங்க" என்று பாட்டி விரலை உதட்டில் வைப்பார். பிள்ளைகளுக்கு அப்பா என்றால் அந்தக் கதவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு வேலை எப்படி இருந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங்கில் பழுதுபார்ப்புக்காக நின்றிருந்த ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் நடந்த தொழிலிட விபத்துகளில் மிக மோசமானது அதுதான். உங்கள் அப்பா இந்தத் தொழிலுக்கு வந்து அப்போது மூன்று ஆண்டுகள். மறுநாளும் அவர் பட்டறைக்குப் போகத்தான் வேண்டியிருந்திருக்கும். அன்றைக்கு வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவரிடம் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டதில்லை என்றுதான் நினைக்கிறேன். நானும் என் அப்பாவிடம் இப்படி எதையும் கேட்டதில்லை.

மதிப்பது என்ற சொல்லை நாம் எப்போதும் காலில் விழுவதோடும், எதிர்த்துப் பேசாமல் இருப்பதோடும், மாதப் பணத்தோடும் சேர்த்தே வைத்திருக்கிறோம். மதிப்பு என்றால் அளவு என்றும் ஒரு பொருள் இருக்கிறது. ஒரு பொருளை மதிப்பிடுகிறவர் அதை எடுத்துப் பார்ப்பார், எடை போடுவார், குறையையும் குறித்துக்கொள்வார். உங்கள் அப்பா செய்ததையும் செய்யாததையும் சேர்த்து எடை போடுவதில் அவமரியாதை எதுவும் இல்லை. பார்க்காமலே தூக்கிவைப்பதும் பார்க்காமலே ஒதுக்குவதும்தான் எனக்குப் பிடிக்காதவை.

இந்த இடத்தில் யாராவது சட்டத்தை இழுப்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் என்று நம் ஊரில் ஒன்று உண்டு. நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வால்டர் வூன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது. 1995இல் நிறைவேறி 1996இல் நடப்புக்கு வந்தது. 60 வயது நிரம்பிய, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோர், வசதியிருந்தும் கொடுக்காத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்டு நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வழக்குக்கு முன்னால் சமரசப் பேச்சு நடக்க வேண்டும் என்று 2010இல் திருத்தினார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. பெற்றவர் பிள்ளையைக் கைவிட்டிருந்தால், கொடுமைப்படுத்தியிருந்தால், நடுவர் மன்றம் தொகையைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். அப்படிப்பட்ட பெற்றோர் முன்கூட்டியே மன்றத்தின் அனுமதி பெற்றுத்தான் விண்ணப்பிக்க முடியும் என்று 2023இல் இன்னொரு திருத்தம் நிறைவேறியது. அதாவது, "என்னை வளர்த்தாரா?" என்ற உங்கள் கேள்வியைச் சட்டமும் கேட்கிறது. ஆனால் இரவு வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றியது கைவிட்டதாகாது. எந்த நடுவர் மன்றமும் அப்படிச் சொல்லாது, நீங்களும் அப்படிச் சொல்லவில்லை.

சரி, அண்ணனின் 300 வெள்ளி. அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை, அதுகூட அனுப்பாத அண்ணன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பணத்தைக் கொஞ்சம் ஒழுங்காகப் பயன்படுத்தலாம் என்று மட்டும் சொல்கிறேன். அப்பாவின் மத்திய சேம நிதி (மசேநி) ஓய்வுக்காலக் கணக்கில் அடிப்படை ஓய்வுக்காலத் தொகைகூட இல்லையென்றால், அதில் ரொக்கமாக நிரப்பும் பணத்துக்கு ஈடாக அரசாங்கமும் ஆண்டுக்கு 2,000 வெள்ளி வரை போடும் திட்டம் இருக்கிறது. முன்பு 600 வெள்ளியாக இருந்ததை 2025இல் உயர்த்தினார்கள், 70 வயது வரம்பையும் எடுத்துவிட்டார்கள். வருமானம், சொத்து பற்றிய நிபந்தனைகள் உண்டு, அப்பாவுக்குத் தகுதி இருக்கிறதா என்று மசேநி கழகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிப் போடுவது அப்பாவின் பெயரில், அப்பாவின் கைக்கு மாதாமாதம் வரும். மகள் கொடுத்தாள், மகன் கொடுத்தான் என்ற பேச்சில்லாமல் "என் பணம்" என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். வயதானவர்களுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரியது என்று நமக்கு இப்போது புரியாது.

வருமான வரியில் பெற்றோருக்கான கழிவு ஒன்று இருக்கிறது, கூடவே வைத்திருந்தால் 9,000 வெள்ளி, தனியாக இருந்தால் 5,500. தகுதி இருந்தால் அதை உடன்பிறந்தவர்கள் பேசிப் பகிர்ந்துகொள்ளலாம். பேசாமல் இருவருமே எழுதிவிட்டு வருமான வரி ஆணையத்திடமிருந்து கடிதம் வந்த பிறகு சண்டை போட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். இன்னொரு கழிவும் உண்டு. நீங்கள் வேலைக்குப் போகும் தாயாக இருந்து, வேலைக்குப் போகாத தாத்தாவோ பாட்டியோ 12 வயதுக்கு மேற்படாத உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் 3,000 வெள்ளி. வரிப் படிவத்தில்கூடப் பிள்ளை வளர்ப்பில் தாத்தாவுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அவருக்கு ஒதுக்கிய இடம் எது? நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன், எனக்குத் தென்படவில்லை.

உங்கள் மகனின் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒருவருக்கு வீட்டில் எந்தப் பொறுப்பும் இல்லையென்றால் மிஞ்சுவது கண்ணும் வாயும்தான். நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார், கண்ணில் பட்டதைச் சொல்லுவார். உங்கள் மகன் அதைத் திட்டு என்கிறான்.

மொழியும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. உங்கள் மகன் பள்ளியில் தமிழ் நன்றாகவே எழுதலாம். ஆனால் "மழை இருட்டிக்கிட்டு வருதே, துணி கழியிலேயே தொங்குது, கண்ணு தெரியலையா?" என்று தாத்தா கத்தும்போது அவன் காதுக்குப் போவது சத்தம் மட்டும்தான். அதில் மழை இருக்கிறது, துணி இருக்கிறது, கொஞ்சம் அக்கறைகூட இருக்கிறது. அதெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. அவன் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை முணுமுணுக்கிறான். தாத்தாவுக்கும் அதன் அர்த்தம் போகாது, தொனி மட்டும் போய்ச் சேரும். இரண்டு பேரும் தொனியை வைத்தே சண்டை போடுகிறார்கள்.

"அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்" என்பதை உங்கள் மகள் இந்நேரம் மனப்பாடம் செய்திருப்பாள். தெய்வம் என்ற சொல்லையே நாம் அழுத்திச் சொல்லித்தருகிறோம். ஔவையார் அதற்கு முன்னால் "அறி" என்ற ஒன்றையும் வைத்திருக்கிறார். முதலில் அறிய வேண்டும். அவள் தாத்தாவை அறியவே இல்லை. அறியாத ஒருவருக்கு வணக்கம் வைக்கச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளை வைக்கும், 14 வயதில் நிறுத்திவிடும்.

அதனால் அறிவுரை சொல்வதை விட்டுவிட்டு அவர்களை ஒரு வேலையில் சேர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தாவும் பேரனும் தேக்கா சந்தைக்குப் போகட்டும். செங்காங்கில் வடகிழக்கு ரயிலில் ஏறினால் லிட்டில் இந்தியா வரைக்கும் மாற வேண்டியதில்லை. மீன் வாங்குவது தாத்தா பொறுப்பு, பணம் கட்டுவதும் பை தூக்குவதும் பேரன் பொறுப்பு. செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்க்கத் தாத்தாவுக்குத் தெரியும், கைப்பேசியில் பணம் கட்டப் பேரனுக்குத் தெரியும். ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு ஆகாது. முதல் வாரம் வாயைத் திறக்க மாட்டார்கள். பரவாயில்லை. நீங்கள் கூடப் போகாதீர்கள், போனால் நடுவில் நின்று மொழிபெயர்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். மகளுக்கு இன்னும் சின்னதாக ஒன்று போதும். பள்ளிவிட்டு வந்ததும் தாத்தாவுக்குக் காப்பி கலக்க அவள் கற்றுக்கொள்ளட்டும், எத்தனை சீனி என்று அவரிடமே கேட்டு. உங்களிடம் கேட்டால் சொல்லாதீர்கள்.

நடுவில் நிற்பது பற்றிச் சொன்னேனே, அதில் நானே மாட்டியவன். அம்மா ஈசூனில் என்னோடு இருந்தபோது பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப்போவேன். மருத்துவர் "எங்கே வலிக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டால், அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முழங்கால் என்று சொல்லிவிடுவேன். எத்தனை நாளாக, படி ஏறும்போதா இறங்கும்போதா என்று எல்லாவற்றுக்கும் நானே பதில். வேகமாக முடித்துவிட்டு அலுவலகம் ஓட வேண்டும். ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும்போது மின்தூக்கியில் அம்மா சொன்னார்: "என் வலி என்னையவிட உனக்கு நல்லாத் தெரியுது. மருந்தையும் நீயே சாப்பிட்டுடு." பக்கத்தில் நின்ற மலாய்க்கார அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார். பத்து ஆண்டுகளாக மற்ற குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அடுத்த முறை போனபோது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா தமிழும் மலாயும் கலந்து தானே பேசினார். வலி முழங்காலில் இல்லை, இடுப்பில் இருந்து இறங்குகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் இஸ்லாமிய நண்பர் ஒருவர் திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம், 23ஆம் வசனத்தை அடிக்கடி சொல்லுவார். பெற்றோர் உன்னிடத்தில் முதுமையடைந்தால் அவர்களைப் பார்த்துச் "சீ" என்றுகூடச் சொல்லாதே என்பது அதன் கருத்து. "அடிக்காதே, பட்டினி போடாதேன்னு ஏன் சொல்லல தெரியுமா? அதெல்லாம் நாம செய்ய மாட்டோம். 'சீ'தான் செய்வோம்" என்பார். அலுவலக அழைப்பு நடுவில் அப்பா ஏதாவது கேட்டால் நம் வாயிலிருந்து வருகிற "ப்ச்" இருக்கிறதே, அதுதான். உங்கள் மகனின் முணுமுணுப்பு எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டில் ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு சொன்னதால் அப்பா சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அர்த்தமில்லை. உங்கள் பிள்ளைகளுக்குப் பெற்றோர் நீங்களும் உங்கள் கணவரும்தான். அப்பா மகனைக் கை நீட்டினால், அல்லது அவன் மதிப்பெண்ணை வைத்து மற்றவர்கள் முன்னால் கேவலப்படுத்தினால், தடுக்க வேண்டியது உங்கள் வேலை. வள்ளுவர் 656ஆம் குறளில், பெற்றவள் பசித்திருப்பதைக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் காரியத்தைச் செய்யாதே என்கிறார். தாயின் பசியையே நியாயத்துக்கு மேலே வைக்காதவர், தாத்தாவின் கோபத்தை வைப்பாரா? தடுப்பதை மட்டும் பிள்ளைகள் முன்னால் செய்யாதீர்கள். இரவு அவர் அறைக்குப் போய் உட்கார்ந்து, "அப்பா, அவன் பரீட்சை விஷயத்த எங்ககிட்ட விட்டுடுங்க. காலையில அஞ்சே முக்காலுக்கு அவன எழுப்பி விடுறது உங்க பொறுப்பு, என்னால முடியல" என்று சொல்லுங்கள். ஒன்றை வாங்கிக்கொள்ளும்போது ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். இரவு ஷிப்ட் பார்த்த மனிதர், நேரத்துக்கு எழுவதில் உங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரராக இருப்பார்.

கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். எல்பிஏ என்கிற அதிகாரப் பத்திரத்தை அப்பா நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்துவிடச் சொல்லுங்கள். பின்னால் அவரால் முடிவெடுக்க முடியாமல் போனால் அவருக்காக யார் முடிவெடுப்பது என்று அவரே எழுதிவைப்பது அது. இல்லாவிட்டால் நீங்களும் அண்ணனும் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிவரும். படிவத்தை நிரப்பிக் கொண்டுபோய் "இங்கே கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டாதீர்கள். "யாரைப் போடணும்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். அண்ணன் பெயரைச் சொன்னாலும் சொல்லுவார், தயாராகப் போங்கள்.

அப்புறம், ஒரு நாள் செம்பவாங் பூங்காக் கடற்கரைக்கு எல்லோரும் போய் வாருங்கள். எதிரே ஜோகூர் தெரியும், கப்பல்கள் நிற்கும். அவர் பார்த்த வேலை என்ன, எந்தப் பகுதியில், உயரத்தில் ஏறியா, தொட்டிக்குள் இறங்கியா என்று மகன் கேட்கட்டும். தமிழில் தட்டுத்தடுமாறிக் கேட்டாலும் விடுங்கள், பட்டறைச் சொற்கள் பாதி ஆங்கிலமாகத்தான் இருக்கும், அங்கே இருவரும் சந்தித்துக்கொள்வார்கள். உங்களுக்கும் கேட்க ஒன்று இருக்கிறது: அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் பகலில் அவருக்குத் தூக்கம் வந்ததா? என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. "நீங்க போட்ட சத்தத்துல எங்க தூங்குறது?" என்று எரிந்து விழுந்தாலும் ஆச்சரியமில்லை. அண்ணனையும் வரச் சொல்லுங்கள். அந்த மாதத்து 300 வெள்ளியை வங்கியில் போடாமல் கையில் கொண்டுவந்து கொடுக்கட்டும்.